உயிர்ப்படலத்தைக் கரைத்த நொதி

ஆற்றுப் பாறையிலும் பல்லிலும் வழுவழுப்பாகப் படிந்து வாழும் பாக்டீரியாக் கூட்டத்தை உயிர்ப்படலம் என்கிறோம். அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை எது? பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலிகளே என்று நெடுங்காலம் கருதி வந்தனர். 2002-இல் ‘சயன்ஸ்’ இதழில் விட்சர்ச், மாட்டிக் முதலிய நால்வர் எழுதிய ஒரு பக்கக் கட்டுரை அந்த எண்ணத்தை அசைத்தது.

சோதனையின் எளிமைதான் அதன் சிறப்பு. சூடோமோனாஸ் ஏருஜினோசா வளரும் ஊடகத்தில், டி.என்.ஏ.யைத் துண்டாக்கும் டி.என்.ஏஸ் நொதியைக் கலந்தார்கள். படலம் அமையவில்லை. 60 மணி நேரம் வரை வளர்ந்திருந்த படலங்களும் நொதி பட்டதும் கரைந்தன. செல்லுக்கு வெளியே கிடந்த டி.என்.ஏ. வெறும் குப்பையன்று, கட்டடத்தின் சாந்து! இதைவிட நேரான சான்றை எதிர்பார்க்க முடியாது.

ஆனால், 84 மணி நேரப் படலம் சிறிதளவே பாதிக்கப்பட்டது. வயது ஏற ஏற வேறு பொருள்களும் படலத்தை இறுக்குகின்றன போலும். கட்டுரையின் தலைப்போ ‘பாக்டீரியா’ என்று பொதுவாகப் பேசுகிறது. ஆராய்ந்தது ஓர் இனத்தை மட்டுமே. இதை நாம் குறையென்றே சொல்வோம். ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் படலத்தில் சர்க்கரைச் சங்கிலிக்கே முக்கிய இடம். அச்சங்கிலியை வெட்டும் டிஸ்பெர்சின்-பி நொதி அதைப் பெயர்க்கிறது என்று 2004-இல் காட்டினர்.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்நொதிகள் வெட்டுவது பசையைத்தான், பாக்டீரியாவைக் கொல்வதில்லை. கண்ணாடித் தட்டில் பிரிந்து வரும் செல்களைக் கழுவிவிடலாம். நோயாளியின் உடலில் செருகிய குழாயிலிருந்து பிரிபவை, கூடவே மருந்து கொடுக்காவிட்டால், இரத்தத்தோடு போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.