தாமதமாய் வந்தவன்

1978ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘சூப்பர்மேன்’ திரைப்படத்தை நாம் முதன்முதலாகக் கண்டது பள்ளிப் பருவத்தில். வானில் பறக்கும் மனிதனைக் கண்ட வியப்பில் அன்று வேறெதுவும் மனத்தில் பதியவில்லை. அண்மையில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து அதே படத்தை மீண்டும் பார்த்தோம். பறக்கும் காட்சிகள் இப்போதும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் இம்முறை நம்மைப் பற்றிக்கொண்டது ஒரு கல்லறைத் தோட்டத்தில் நிகழும் சிறு காட்சி. அக்காட்சியின் ஒளியில் படம் முழுவதையும் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு யூத இளைஞர்கள் உருவாக்கிய இந்த நாயகன், 1938இல் சித்திரக்கதை இதழொன்றில் முதலில் தோன்றினான். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய பிறப்பையும் வளர்ப்பையும் திரையில் சொல்ல வந்த இயக்குநர் ரிச்சர்டு டோனர், கதையைக் கேலியாக்காமல் காவியம்போல் நடத்தினார். ஜெஃப்ரி அன்ஸ்வர்த்தின் ஒளிப்பதிவும் ஜான் வில்லியம்சின் இசையும் அதற்குத் துணை நின்றன. நாயகனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் அன்று அதிகம் அறியப்படாதவர். மார்லன் பிராண்டோ, ஜீன் ஹாக்மன் ஆகியோருக்குப் பின் மூன்றாவதாகவே அவர் பெயர் திரையில் வருகிறது.

அழியப்போகும் கிரிப்டன் கோளிலிருந்து தம் ஒரே மகனைத் தந்தை ஜோர்-எல் மண்ணுலகுக்கு அனுப்புகிறார். மனிதர் நல்லவராகக்கூடியவர், அவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஒளி இல்லை, அதற்காகவே உன்னை அனுப்பினேன் என்ற பொருள்பட மகனுக்குச் சொல்லிவைக்கிறார். இதைக் கேட்கும் கிறிஸ்தவச் செவிகளுக்கு நற்செய்தி நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் இந்த ஒப்புமையைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். ஜோர்-எல் தம் மகனை அனுப்புவது முதலில் அவனைச் சாவினின்று தப்புவிக்கவே. நாணற்பேழையில் வைத்து நைல் நதியில் விடப்பட்ட குழந்தை மோசேக்கே அவன் நெருங்கிய உறவினன். சிலுவையின் நிழல் இக்கதையில் விழுகிறதா என்று அறிய, விண்ணுலகத் தந்தையை விட்டு மண்ணுலகத் தந்தையிடம் வரவேண்டும்.

ஸ்மால்வில் என்னும் சிற்றூரில் ஜோனத்தன், மார்த்தா என்ற குழந்தையற்ற உழவர் தம்பதியர் அச்சிறுவனை எடுத்து வளர்க்கின்றனர். ஜோனத்தனாக வரும் கிளென் ஃபோர்டு திரையில் தோன்றுவது சில நிமிடங்களே. தன் ஆற்றலைப் பிற இளைஞர் முன் காட்ட முடியாமல் ஏங்கும் மகனிடம், நீ இவ்வுலகுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அது பந்தாட்டத்தில் வெற்றி பெறுவதற்காக அன்று, என்று அவர் எளிமையாகச் சொல்கிறார். மறுகணமே மார்வலியால் சரிகிறார். அடுத்து வருவது அடக்கச் சடங்கு. இத்தனை வல்லமை இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மகன் தாயிடம் சொல்கிறான். பரந்த வானம், பக்கத்தில் நிற்கும் தாய், வேறெதுவும் இல்லை. தந்தையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய எவரும் இக்காட்சியைக் கண்கலங்காமல் காண இயலாது. வல்லவன் ஒருவன் தன் இயலாமையை அறிந்துகொள்ளும் அந்த இடத்தில்தான் அவனுடைய மனிதப் பிறப்பு உண்மையில் நிகழ்கிறது என்போம்.

பிற்பகுதியில் பகைவன் லெக்ஸ் லூதர் இரண்டு ஏவுகணைகளை எதிரெதிர்த் திசைகளில் செலுத்துகிறான். நாயகனை விடுவிக்கும் பெண், கிழக்கே தன் தாய் வாழும் ஊரை நோக்கிச் செல்லும் கணையை முதலில் தடுக்குமாறு வாக்குறுதி பெறுகிறாள். அவன் வாக்கைக் காக்கிறான். அதனாலேயே மேற்கே தாமதமாகிறது. நிலநடுக்கத்தில் பிளந்த மண், அவன் நேசிக்கும் லோயிஸ் லேனைக் காரோடு விழுங்கிவிடுகிறது. சொன்ன சொல்லைக் காத்ததற்கு இவ்வளவு பெரிய விலை! கல்லறையருகே தொடங்கிய கேள்வி இங்கே முழு வடிவம் பெறுகிறது. இதுவரை படம் உயர்ந்தே நிற்கிறது.

ஆனால் அவன் துயரத்தை ஏற்பதில்லை. மனித வரலாற்றில் தலையிடாதே என்ற ஜோர்-எல்லின் கட்டளையை மீறி, உலகைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறான். லோயிஸ் உயிரோடு இருக்கிறாள். தான் இறந்ததே அவளுக்குத் தெரியாது. அன்று நாம் இதைக் கண்டு கைதட்டியவர்கள். இன்று கைகள் எழவில்லை. பக்கத்திலிருந்த பேரனோ, “அப்போ அவங்க அப்பாவ மட்டும் ஏன் தாத்தா அவன் திரும்பக் கூட்டிட்டு வரல?” என்று கேட்டான். விமரிசகர் எவரும் இதைவிடக் கூர்மையாகக் கேட்டிருக்க முடியாது. காலத்தைத் திருப்ப முடியுமென்றால் கல்லறையருகே சிந்திய கண்ணீருக்குப் பொருளில்லாமல் போகிறது.

இயேசுவும் இலாசரை உயிர்ப்பிக்கவில்லையா என்று வாசகர் கேட்கக்கூடும். யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தைக் கருத்தோடு படிக்க வேண்டுகிறோம். அங்கும் ஒருவர் தாமதமாகவே வருகிறார். அங்கும் ஒரு மார்த்தா இருக்கிறாள். ஆனால் ஆண்டவர் அந்த நான்கு நாள்களை அழித்துவிடவில்லை. முதலில் அழுகிறார். பிறகே கல்லறை திறக்கிறது. இலாசர் சாவுக்கு முந்திய நாளுக்குத் திரும்புவதில்லை. அடக்கத் துணிகளோடு சாவைக் கடந்து வருகிறார். அந்தச் செயலே இயேசுவைக் கொல்லும் திட்டத்துக்கு வழிவகுக்கிறது. உயிர்த்த பின்னும் அவர் உடலில் காயங்கள் மறையவில்லை. நம் நம்பிக்கை நடந்ததை நடவாததாக்குவது அன்று. படத்தின் முடிவிலோ காயமும் இல்லை, விலையும் இல்லை.

இக்குறைக்கு ஒரு காரணம் உண்டு. இப்படமும் இதன் தொடர்ச்சியும் பெரும்பகுதி ஒரே காலத்தில் படமாக்கப்பட்டவை. காலத்தைத் திருப்பும் முடிவு இரண்டாம் படத்துக்கென எண்ணப்பட்டு, பின்னர் முதற்படத்துக்கு மாற்றப்பட்டது. வேறிடத்தில் தைக்க வேண்டிய துணியை இங்கே ஒட்டியதுபோல் அது நிற்பதில் வியப்பில்லை.

ஆயினும் இந்நாயகனின் முகத்தை இன்று காணும்போது, திரைக்கு வெளியே நடந்ததை மறக்க முடிவதில்லை. 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்த கிறிஸ்டோபர் ரீவ், கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்து, மூச்சுக்கும் கருவியை நாடும் நிலைக்கு ஆளானார். அவருக்காகக் காலம் திரும்பவில்லை. சக்கர நாற்காலியிலிருந்தே படம் இயக்கினார். தண்டுவடக் காயம் பற்றிய ஆய்வுகளுக்காக ஓயாது குரல் கொடுத்தார். மனைவி டேனா உடனிருந்து காத்தார். 2004 அக்டோபரில், தம் ஐம்பத்திரண்டாம் வயதில் இறந்தார். நடந்ததை நடந்ததாகவே ஏற்று, எஞ்சியதைக் கொண்டு பிறருக்குப் பயன்பட்ட வாழ்வு அது.

பேரனின் கேள்விக்கு நாம் உடனே விடை கூறவில்லை. படத்தைப் பின்னோக்கி ஓட்டி அந்தக் கல்லறைத் தோட்டக் காட்சியை மீண்டும் காட்டினோம். இம்முறை அவன் ஒன்றும் கேட்கவில்லை. காட்சி முடியும்வரை நம் கையைப் பற்றிக்கொண்டிருந்தான்.