வாசல் சொன்ன விடை

எறும்புக்கும் உணவாகும் அரிசிமாவினால் வருவோரை வரவேற்பது கோலம். அடுக்ககங்களில் ஒட்டுத்தாளாகச் சுருங்கிவிட்ட இவ்வழக்கம், 2019 டிசம்பர் 29 அன்று, மார்கழிக் காலையில், சென்னை பெசன்ட் நகர்த் தெருக்களில் பொதுக்கலையாக மீண்டெழுந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டமும் தேசியக் குடிமக்கள் பதிவேடும் வேண்டாமெனக் கோலமிட்ட பெண்கள் உள்ளிட்ட சிலரைக் காவல்துறை, அனுமதியில்லை என்று கூறி அழைத்துச் சென்று, பின்னர் விடுவித்தது. மறுநாள் கலைஞர் கருணாநிதி, மு.க. ஸ்டாலின், கனிமொழி ஆகியோரின் இல்ல வாசல்களிலும் அத்தகைய கோலங்கள் தோன்றின.

அரசியல் பயன் ஒருபுறமிருக்க, கலை என்ற அளவில் இவற்றை எவ்வாறு மதிப்பிடுவது?

வெளிவந்த படங்களைக் காணுங்கால், வாசகங்களே மேலோங்கிக் கோலம் அவற்றுக்கு வெறும் ஓரமாக ஒடுங்கியிருப்பது புலனாகிறது. நமது மரபு இங்கே ஓர் அளவுகோலைத் தருகிறது. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களில் சொல்லும் அணியும் பிரிக்க இயலாதவாறு இழைந்துள்ளன. புள்ளிகளைச் சுற்றி வளையும் நம் சிக்குக் கோலத்துக்கும் அவ்வாற்றல் உண்டு. அதன் அமைப்பைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலானோர் 1970களில் கணித இலக்கணமாகவே ஆராய்ந்தனர். அவ்வாற்றல் இங்குப் பயன்கொள்ளப்படாதது குறையே.

ஆயினும் இடத்தேர்வு அக்குறையை ஈடுசெய்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்தோருள் ஆறு சமயத்தாரைப் பெயர்சொல்லி ஏற்ற அச்சட்டம், முஸ்லிம்களை விட்டுவிட்டது. நாட்டின் வாசலில் ஆள்பார்த்துத் தெரிவு செய்த சட்டத்துக்கு, யாவரையும் வரவேற்கும் வீட்டு வாசல் விடை கூறியது. எழுத்தினும் வலுவாக வாதிட்டது அவ்விடமே.

மங்கலம்பேட்டையில் எங்கள் வீட்டில் கோலமிடும் வழக்கமில்லை. ஆயினும் அடுத்த வீட்டுக் கோலத்தை மிதியாமல் ஒதுங்கி நடக்குமாறு சிறுவயதிலேயே எங்களுக்குக் கற்பித்தனர். அண்டை வீட்டார் உரிமையை நபிகளார் வலியுறுத்தியதை மத்ரஸாவில் ஓதுமுன்பே தெருவில் பயின்றோம். பெசன்ட் நகரில், நம் வாசலில் இல்லாத அக்கலை நமக்காகப் பேசிற்று.

2024 மார்ச் 11 அன்று அச்சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. கோலத்தால் சட்டம் மாறவில்லை என்பது உண்மை. அடுத்த முறை கோலமிடுவோர் வாசகத்தைக் குறைத்து, புள்ளியையும் கோட்டையும் நம்பட்டும். அவற்றின் பொருளை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு நமக்குண்டு.