வீடு வீடாகச் செபமாலை

அக்டோபர் பிறந்தால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் செபமாலை வீடு வீடாகப் போகும். அன்பியத்தார் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுவினர்) முறைவைத்து மாதா சுரூபத்தை வரவேற்பார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டினாலும் குடையோடு வந்துவிடுவார்கள்.

மாலையில் மொத்தம் 59 மணிகள்: 53 மங்கள வார்த்தைக்கு, 6 கர்த்தர் கற்பித்த செபத்துக்கு. இடைவெளி விட்டு நிற்கும் தனி மணியில் விரல் பட்டதும், கண்மூடியிருக்கும் பாட்டிக்குப் பத்து முடிந்தது தெரிந்துவிடும். பத்துக்கு ஒன்றாகத் தியானிக்கும் மறையுண்மைகளில் ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தது 2002-இல். இந்த ஊர்கள் அடங்கிய செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவானதும் அதே ஆண்டுதான்.

மங்கள வார்த்தையின் முன்பாதியைப் பேரன் சொல்ல, பின்பாதியைக் கூடமே சேர்ந்து சொல்கிறது. எழுத்தறியாதவரும் முன்னின்று நடத்தலாம். முடிந்ததும் சுண்டல், காபி, நலம் விசாரிப்பு. யார் வீட்டில் நோயாளி, யாருக்கு வேலை போயிற்று என்பது அங்கேதான் தெரியவரும்; மறுநாளே உதவி போய்ச் சேரும். பங்கு வாழ்க்கை வலுப்பெறுவது இந்தக் கூடங்களில்தான்.