வெள்ளிக் கணக்கும் ஏஐ எழுதும் நிரலும்

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றியுள்ள சாலைகளில் பைதான், ஜாவா சொல்லித்தரும் பயிற்சி நிலையப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. இப்போது அந்தப் பலகைகளில் ‘ஏஐ’யும் சேர்ந்துவிட்டது. எது வேலையைப் பறிக்கும் என்று ஊரே பயப்படுகிறதோ, அதையே வேலை வாங்கித்தரும் பாடமாக விற்கிறார்கள். பிள்ளையைக் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ சோனா கல்லூரியிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தக் குழப்பம் வேடிக்கையாக இருக்காது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் பொறியாளர் இருப்பார். ஒரு பட்டதாரி பொறியாளராகத் தேறும் அந்த முதல் இரண்டு மூன்று வருட வேலை இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

ஏஐயை வைத்து நிரல் எழுதுவதில் உள்ள நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. நம் ஊரில் தனியாளாக மென்பொருள் செய்து பிழைப்பவர்கள் உண்டு. ஜிஎஸ்டி பில், ஸ்டாக் கணக்கு, பார்கோடு, வாட்ஸாப்பில் ரசீது அனுப்புவது என்று ஒரு கடைக்குத் தேவையானதை எழுத இவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த வேலை இன்று சில நாட்களில் முடிகிறது. 2023-இல் வெளியான ஒரு சோதனையில், கோபைலட் என்ற ஏஐ கருவியின் உதவியோடு ஒரு சிறிய வலை சர்வரை எழுதியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 56 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தார்கள். சென்னைக் கம்பெனியின் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிய சிறு வியாபாரிகளுக்கு இது நல்ல காலம்தான்.

ஆனால் 2025-இல் மெட்ர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு செய்த சோதனை வேறு கதை சொல்கிறது. அனுபவமுள்ள 16 பேர், தாங்கள் பல ஆண்டுகளாகப் பராமரித்த பெரிய மென்பொருள்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐயைப் பயன்படுத்திய வேலைகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ, 20 விழுக்காடு வேகமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அது 2025-இன் தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்துச் செய்த சோதனை. இன்றைய கருவிகளுக்கு அந்த எண் பொருந்தாமல் போகலாம். வேகம் கூடியதாக நமக்கு நாமே சொல்லிக்கொள்வதை அப்படியே நம்பக்கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் நிற்கும்.

இரண்டு முடிவும் ஏன் எதிரெதிராக வந்தன? முதலாவது எங்கும் ஒரே மாதிரி இருக்கும் வேலை, இரண்டாவது எங்கும் எழுதிவைக்காத விவரங்கள் நிறைந்த வேலை என்பது என் ஊகம். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணக்கை எடுத்துப் பார்த்தால் விளங்கும். வியாபாரி 1000 கிராம் சுத்த வெள்ளி கொடுக்கிறார் என்று வையுங்கள். பட்டறைக்காரர் செம்பு கலந்து, 80 டச்சில், அதாவது 80 விழுக்காடு தூய்மையில், 1200 கிராம் கொலுசாகத் திருப்பித் தருகிறார். சுத்த வெள்ளிக் கணக்கில் வந்து சேர்ந்தது 960 கிராம். மீதி 40 கிராம் எங்கே? அதில் எவ்வளவு சேதாரம், எவ்வளவு பட்டறைக்காரர் பேரில் பாக்கி என்பது கொலுசின் டிசைனையும், இரு தரப்புக்கும் இடையில் உள்ள பழைய பேச்சையும் பொறுத்தது. கூலி ரூபாயில் ஓடும், பாக்கி கிராமில் நிற்கும். இதற்கு ஒரு நிரல் எழுது என்று பொதுவாகக் கேட்டால், பாக்கியை அன்றைய விலையில் ரூபாயாக மாற்றிவைக்கும் நிரல் வந்து நிற்க எல்லா வாய்ப்பும் உண்டு. கணக்கு மென்பொருள் என்றால் உலகெங்கும் வழக்கம் அதுதான். வெள்ளி விலை ஒரே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் ஏறிய 2025-இல் அப்படி ஒரு நிரலை நம்பியிருந்தால், ஜனவரியில் நின்ற பாக்கியை டிசம்பரில் வசூலிக்கும் வியாபாரிக்குப் பாதி வெள்ளிகூடத் திரும்பியிருக்காது. நிரலில் பிழையே இருக்காது, கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கும். வெள்ளி வியாபாரம் நடக்கும் செவ்வாய்ப்பேட்டையில் போய் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்ட ஆள் ஒருவர் இல்லாததுதான் குறை. கேட்டுத் தெரிந்த ஆள் சொல்லிக்கொடுத்தால் அதே ஏஐ பத்து நிமிடத்தில் சரியாக எழுதித் தரும்.

ஏஐ 90 விழுக்காடு நிரலை எழுதிவிடும் என்ற பேச்சு 2025-இல் எழுந்தபோது ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு அதை மறுக்கவில்லை. புரோகிராமர்கள் எழுதுவதில் 90 விழுக்காடு ‘பாய்லர் பிளேட்’, அதாவது திரும்பத் திரும்ப எழுதும் சடங்கு வரிகள்தானே என்றார். பொறியியல் கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் அந்தச் சடங்கு வரிகளை நம்பித்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளின் முதல் சம்பளம் இருந்தது. டெஸ்டிங், சின்னச் சின்ன பக் திருத்தம், பழைய நிரலைப் புதிய மொழிக்கு மாற்றுவது என்று ஃப்ரெஷருக்குக் கொடுத்த வேலைகள்தான் அவை. ஆட்கணக்கு, மணிக்கணக்கு போட்டு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு பில் அனுப்பும் சர்வீஸ் கம்பெனிகள், ஃப்ரெஷர் கற்றுக்கொள்ளும் செலவையும் அந்த பில்லுக்குள்ளேயே ஓட்டிவந்தன. மணி குறையும்போது முதலில் அடிபடுவது அந்தச் செலவுதான்.

ஃப்ரெஷர் வேலை அடிபடுவதற்குச் சான்றாக டிசிஎஸ்ஸை இழுப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். 2025 ஜூலையில் அந்நிறுவனம் சுமார் 12,000 பேரை, அதாவது மொத்த ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, வெளியேற்றப்போவதாக அறிவித்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்கள்; காரணம் ஏஐ அல்ல என்று தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசனும் சொன்னார். இதைவிட வலுவான சான்று அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2025 ஆய்வில் இருக்கிறது: 22 முதல் 25 வயது வரையிலான மென்பொருள் பொறியாளர்களின் வேலைவாய்ப்பு, 2022 கடைசியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்திருக்கிறது. மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும், வட்டி ஏறியதும் இதில் ஓரளவு சேர்ந்திருக்கலாம். முழுப் பழியையும் ஏஐ மேல் போட நான் தயாரில்லை.

ஏஐயை வைத்து நிரல் எழுதும் பழக்கத்தின் பெரிய குறை, படித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொள்ளும் சுகம். 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு தொழிலதிபரின் நடப்புத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. கடைசியில் பதில் சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் மனிதர்தான் வரவேண்டியிருந்தது. நிரலைப் படித்துத் தப்பைக் கண்டுபிடிக்கும் கண் எழுதி எழுதித்தான் வரும். அதை நம் கல்லூரிகளில் கெடுத்த பழி முழுக்க சாட்ஜிபிடியைச் சேராது. சீனியரின் லேப் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதி, வைவாவில் தலையாட்டிவிட்டு வந்த பரம்பரை நாம்.

கல்லூரிகள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைசி வருட புராஜெக்டுக்குக் கடையில் விலைக்கு விற்கும் பழைய தலைப்புகளைத் தடை செய்துவிட்டு, மாணவர்களை சிவதாபுரத்து வெள்ளிப் பட்டறைக்கோ நாமக்கல் லாரி புக்கிங் ஆபீசுக்கோ அனுப்பலாம். ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். வைவாவில் நிரலைப் பற்றிக் கேட்காமல், அந்த 40 கிராம் யார் பேரில் நிற்கிறது, ஏன் என்று கேட்கலாம். இதில் சிக்கல் பட்டறை வாசலில்தான் தொடங்கும். சேதாரக் கணக்கை வெளியாளிடம் காட்ட எந்தப் பட்டறைக்காரரும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு செமஸ்டர் முழுக்க டீ குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். அதற்கு வருகைப் பதிவு கொடுக்க எத்தனை கல்லூரிகள் முன்வரும் என்று தெரியவில்லை.