வீரமாமுனிவர்: அவைப்புகழும் ஆசிரியப்பணியும்

அயலார்க்கு மொழி கற்பித்தும், ஒரு மொழி நூலைப் பிறிதொரு மொழிக்குப் பெயர்த்தும் அரசவையில் இடம்பெற்ற புலவர் சிலரை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால வரலாற்றிற் காண்கின்றோம். அவருள் ஒருவர் யோவான் புளோரியோ (1553–1625). இத்தாலியத் தந்தைக்கு இலண்டனிற் பிறந்த இவர், 1578-இல் உரையாடல் வடிவான மொழிப்பாட நூலும், 1598-இல் இத்தாலிய–ஆங்கில அகராதியும் வெளியிட்டார். 1603-இல் பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் எழுதிய கட்டுரைகளை ஆங்கிலமாக்கினார். பின்னர் அரசி ஆனுக்கு மொழியாசிரியராய் அமர்ந்தார். 1619-இல் அரசி மறைந்தபின் வறுமையுற்று மாண்டார். பதவி அரசியோடு ஒழிந்தது, நூல்களோ நிலைத்தன.

தமிழகத்தில் இவரோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கவர், இத்தாலியிற் பிறந்து ஏசு சபைத் துறவியாய் இங்கு வந்த வீரமாமுனிவர் (1680–1747). இவரைப் பற்றியும் ஓர் அவைக்கதை உண்டு. பாரசீகமும் இந்துத்தானியும் விரைந்து கற்றுச் சந்தா சாகிபைக் கண்டார். அவர் இவரைத் திவானாக்கி ஊர்களை அளித்தார் என்பது அக்கதை. முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய வரலாற்றின் வழியாக இது பரவிற்று. பின்வந்த ஆராய்ச்சியாளர் திவான் பதவியை ஐயுற்றனர். அது மெய்யெனக் கொள்ளினும், முனிவரின் பெருமை அதனால் வளர்வதில்லை என்பதே எம் கருத்து. அவரை ஆசிரியராகக் காணும் வாயிலை அக்கதை மறைத்துவிடுகின்றது.

தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் நம் வகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. நிகண்டுகளைச் செய்யுளாக நெட்டுருச் செய்த காலத்தில், சொற்களை அகர வரிசையில் நிறுத்திய சதுரகராதியையும் (1732) போற்றுகின்றோம். ஆயின், புதிதாய் வரும் துறவியர் மக்களோடு பேசுதற்பொருட்டு இலத்தீனில் அவர் வரைந்த கொடுந்தமிழ் இலக்கணம், பெயரளவில் மட்டுமே சுட்டப்படுகின்றது. 1728-இல் எழுதப்பெற்ற அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. அச்சிட்டோர் லூத்தரன் சபையினர். அவர்தம் கொள்கையை மறுத்து நூலெழுதியவர் முனிவர். சமயத்தால் மாறுபட்டோரும் வேண்டி அச்சிட்டனர் எனின், அதன் பயன்பாட்டிற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நூலில் குறை இல்லையென்று யாம் கூறவில்லை. இலத்தீனில் அமைந்தமையால் அது தமிழ்ப்புலவர் கைக்கு எட்டவில்லை. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்து வழக்கைப் பண்டை உரையாசிரியர் கொடுந்தமிழ் என்றனர். முனிவரோ அப்பெயரைப் பொதுப் பேச்சுவழக்கிற்கு ஏற்றினார். இப்பொருள் மாற்றம், பேச்சுவழக்குத் தாழ்ந்தது என்னும் எண்ணத்திற்கு இடந்தந்தது. எனினும், பேச்சிற்கும் ஒழுங்குண்டு, அவ்வொழுங்கைக் கற்பிக்கலாகும் என அந்நூல் காட்டியது பெரிது.

இது பழங்கதையன்று என்பதற்குத் திருப்பூரே சான்று. அங்குள்ள பனியன் தொழிற்சாலைகளில் ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய மாநிலத்தார் இன்று திரளாகப் பணிபுரிகின்றனர். ஓவர்லாக், செக்கிங், பீஸ்ரேட் ஆகிய சொற்களை அவர்கள் எளிதிற் பற்றிக்கொள்வர். அவை எம்மொழியார்க்கும் பொதுவாகிவிட்டன. ஆனால் 'வருகிறார்கள்' என்று பாடநூலிற் கற்பவர் செவியில் விழுவது 'வர்றாங்க' என்பதே. 'சரிங்க', 'இல்லீங்க' என்னும் கொங்கு வழக்கில் 'ங்க' மரியாதை குறிப்பதென்று அறியாதவர், சொல் தெரிந்தும் பண்பு தெரியாதவராக எண்ணப்படுவர். கூலியைக் கேட்கவும், நோயை மருத்துவரிடம் உரைக்கவும், கடையில் வழக்காடவும் வேண்டுவது இத்தமிழே. இரு மொழியும் அறிந்த உடன்பணியாளர் ஒருவர் துணையின்றி இவற்றைச் செய்யவியலாதவர், தம் குறையைப் பிறர் வாயாலேயே சொல்ல வேண்டியவராகின்றார்.

அத்தகையோர்க்கென அவர்தம் மொழிகளில் பேச்சுத்தமிழ் இலக்கணம் ஆக்குதல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். அயல்நாட்டிலிருந்து வந்தவர் ஒருவர், தமக்குப் பின் வருவோர்க்காக அதனைச் செய்தார். வருவோரை வரவேற்கும் நிலையிலுள்ள நாம் அதனைச் செய்யாதிருத்தல் தகுமா? முனிவரை அவையிலிருந்து வகுப்பறைக்கு அழைத்து வருவதே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு.