கோட்டக்குப்பத்தைத் தேடினால் கிடைக்கவில்லை

எங்கள் ஊர் விஷயங்களைக் கைபேசியில் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குண்டு. கடல் எந்த மாதம் எவ்வளவு உள்ளே வந்தது, எந்தத் தெருவில் பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள், இப்படி. ஒருநாள் தேடல் பெட்டியில் ஊரின் பெயரை, ‘கோட்டக்குப்பம்’ என்று அடித்தேன். நாலே நாலு குறிப்பு வந்தது. மற்றதெல்லாம் தொலைந்ததென்று பதறிப்போனேன். தொலையவில்லை, அவற்றில் ‘கோட்டக்குப்பத்தில்’, ‘கோட்டக்குப்பத்துக்கு’ என்று எழுதியிருந்தேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் செயலிக்கு அத்துச் சாரியை தெரியாது. ‘கோட்டக்குப்ப’ என்று வால் இல்லாமல் அடித்த பிறகுதான் எல்லாம் வரிசையாக வந்தன.

எண்மக் குறிப்பேட்டின் பெரிய பலமாகச் சொல்லப்படுவது தேடல். தமிழில் அது பாதி பலம்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பென்றால் அந்தப் பாதியும் இல்லை. யூனிகோடில் தேடினால் அகப்படாது. ஆனால் பேருந்தில் நின்றபடி வாயால் சொல்லியே தமிழில் குறித்துக்கொள்ளும் வசதியைக் காகிதம் தராது. ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் அந்தக் குரல்வழித் தட்டச்சு கொலை செய்யும்; வீட்டுக்கு வந்து திருத்த வேண்டும்.

காகிதத்துக்கும் ஒரு பலம் உண்டு. பக்கத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். தேடல் பெட்டி கிடையாது, தேதி இருந்தது. அதை 1846-இல் கலுவா மொம்பிரேன் என்பவர் கண்டெடுத்துப் படியெடுத்தார். பிறகு சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. எழுதியவர் போய் எண்பத்தைந்து வருடம் கழித்தும் ஏட்டைப் பிரித்துப் படிக்க எந்த நிறுவனத்திடமும் அனுமதியோ சந்தாவோ கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் குறிப்புச் செயலிகள்மேல் எனக்கு மனத்தாங்கல். எவர்நோட் 2023 கடைசியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு என்று வரம்பு கட்டியது. கூகுள் கீப் தொடங்க எளிது, நீளமாக எழுத லாயக்கில்லை. அப்சிடியன் நம் கோப்புறையிலேயே வெறும் உரைக் கோப்பாகச் சேமிக்கிறது. நிறுவனம் மூடினாலும் கோப்பு நம்மிடம் இருக்கும். கைபேசிக்கும் கணினிக்கும் இடையே அதை ஒத்திசைக்க மட்டும் காசு கொடுக்க வேண்டும், அல்லது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். என் ஓட்டு அப்சிடியனுக்குத்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கவிழ்வது வேறிடத்தில். ஒரு வாரம் கோப்புறைக்கு நிறம் பூசுகிறார்கள். கண்ணில் பட்ட கட்டுரையையெல்லாம் ‘பிறகு படிக்க’ என்று பரணில் ஏற்றுகிறார்கள். சொந்த வாக்கியம் ஒன்றுகூட அதில் இருக்காது. (என் பரணிலும் நிறையக் கிடக்கிறது.)

எந்தச் செயலியானாலும் முதல் நாளே பத்துக் குறிப்பு எழுதுங்கள், தேதி போட்டு. பிறகு அவற்றை ஏற்றுமதி செய்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகத் தெரியாவிட்டால் பதினோராவது குறிப்பை அதில் எழுத வேண்டாம்.