எண் உண்டு, ஊர்ப்பெயர் இல்லை

நம் உணவுப் பொருள்களின் சத்துக்களை அறிய உதவும் முதன்மையான நூல், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணை நூலாகும். நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து திரட்டிய 528 உணவுப் பொருள்கள் இதில் ஆராயப்பட்டுள்ளன. அதே நிறுவனத்தின் 1971ஆம் ஆண்டு நூலில் கத்தரிக்காய்க்கு ஒரே வரிதான். இதிலோ 21 வகைகள். இம்முயற்சி பாராட்டுக்கு உரியது.

ஆனால் அவ்வகைகள் கத்தரி-1, கத்தரி-2 என எண்களாகவே நிற்கின்றன. மதுரைச் சந்தையில் கத்தரி வாங்குபவர், தம் கையிலுள்ள காய் எந்த எண்ணுக்கு உரியது என்று எப்படிக் கண்டுகொள்வார்?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பயிர்ப்பெருக்க அறிஞருக்குப் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு.1 கத்தரி, கல்லம்பட்டி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்கல்லூரியின் புடலைக் கலப்பினத்திற்குப் பெற்றோர் இருவர்: ஒன்று பன்றிப் புடல், மற்றது மேலூரை அடுத்த தனியாமங்கலத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. ஊர் தெரிந்ததால் விதை கிடைத்தது.

ரகத்துக்கு ரகம் சத்தும் வேறுபடும். கத்தரியின் ஊதாத் தோலில் ஆந்தோசயனின் என்னும் நிறமி உண்டு. பச்சைக் கத்தரியில் அதை எதிர்பார்க்க முடியாது. நறுக்கிய கத்தரி கறுப்பதைக் கண்டிருப்பீர்கள். சதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காற்றுப்பட்டு மாறுவதே அதற்கு முக்கியக் காரணம். இது உடலுக்கு நன்மை தரக்கூடிய பொருள் என்று கருதப்படுகிறது. கறுக்காத காயை மட்டுமே தேடித் தேர்ந்தெடுத்தால், நம்மை அறியாமலே இப்பொருளைக் குறைத்துவிடக்கூடும்.

இதனால் நாட்டு ரகம் அனைத்தும் சத்தில் உயர்ந்தது என்று முடிவு கட்டுவதும் தவறு. மண், உரம், பருவம், பறிக்கும் முதிர்ச்சி ஆகியவையும் சத்தை மாற்றும். ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில் பழைய ரகத்தையும் புதிய ரகத்தையும் அருகருகே பயிரிட்டு ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். பெயரில்லா அட்டவணை இத்தகைய ஒப்பீட்டுக்கு உதவாது. நாட்டுக் காய் என்று கூறி விற்பவரை மறுக்கவும் உதவாது, ஆதரிக்கவும் உதவாது.

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயர் காக்கப்பட்டது. அப்பெயருக்கு நேரே அதன் சத்துக் கணக்கும் அச்சாக வேண்டாமா? அடுத்த பதிப்பு, எண்ணுக்கு அருகில் ரகத்தின் பெயரையும் ஊரையும் பருவத்தையும் சேர்த்துத் தரட்டும். விதை கைமாறும்போது பெயரையும் கேட்டுக் குறித்து வைப்பது நம் பங்கு. பெயர் மறைந்தபின் விதையைத் தேடுவது கடினம்.